டபிள் கெப்பில் இன்ஜெக்டர் பழுதா? அறிகுறியை வைத்துக் கண்டுபிடிக்கும் வழி

"அண்ணே, நாலு இன்ஜெக்டரும் போச்சாம். மாத்தச் சொல்லுறாங்க." கிராண்ட்பாஸில் இருக்கும் என் கராஜ் வாசலில் கெப்பை நிறுத்தியதும் பலர் சொல்லும் முதல் வசனம் இது. "யார் அளந்து பார்த்தது தம்பி?" என்று கேட்பேன். பெரும்பாலும் ஒருவரும் அளந்திருக்க மாட்டார்கள். புகை வந்தது, மிஸ் அடித்தது (ஒரு சிலிண்டர் ஒழுங்காக எரியாமல் இஞ்சின் குலுங்கியது), ஆகவே சிலிண்டருக்குள் டீசலைப் பீறும் இன்ஜெக்டர் என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். ஒரு நல்ல இன்ஜெக்டரின் விலை இன்று பல வீடுகளில் ஒரு மாதச் செலவு. நாலு என்றால் கடன்தான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. அந்த இடைவெளியில் பழைய கெப்களையே எல்லோரும் தட்டிக்கொட்டி ஓட்டினோம். அதனால் இரண்டு, மூன்று லட்சம் கிலோமீற்றர் ஓடிய இஞ்சின்கள் கொழும்பு வீதிகளில் நிறைய. அவற்றில் இன்ஜெக்டர் பழுதாவதும் உண்மைதான். ஆனால் இன்ஜெக்டரைப் போலவே நடிக்கும் வேறு பழுதுகள் ஆறேழு இருக்கின்றன. அவற்றைத் தள்ளிய பிறகே இன்ஜெக்டரில் கை வைக்க வேண்டும்.

இங்கே நான் சொல்வது கொமன் ரெயில் இஞ்சின்களுக்கு, அதாவது பம்ப் அமுக்கும் டீசல் ரெயில் என்ற ஒரே குழாயில் சேர்ந்து அங்கிருந்து எல்லா இன்ஜெக்டருக்கும் போகும் இஞ்சின்களுக்கு: ஹைலக்ஸின் 1கேடி, 2கேடி, டி-மேக்ஸின் 4ஜேஜே1, நவாராவின் வைடி25 போன்றவை.

தொடங்குவதற்கு முன்

கொமன் ரெயில் இல்லாத பழைய 2எல், 3எல் ஹைலக்ஸில் கை பழகிய பாஸ்மார் ஓடும் இஞ்சினில் ஒவ்வொரு இன்ஜெக்டர் பைப் நட்டாகத் தளர்த்தி, எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்ப்பார்கள். கொமன் ரெயிலில் அதைச் செய்யவே கூடாது. சும்மா ஐட்லிங்கில் நிற்கும்போதே ரெயிலில் 300 பார் அளவு அமுக்கம் இருக்கும். கெப்பின் ரயரில் இருப்பது இரண்டு, இரண்டரை பார். மிதித்தால் ரெயில் அமுக்கம் 1,600 பார் வரை போகும். புதிய இஞ்சின்களில் அதற்கும் மேல். அந்த அமுக்கத்தில் பீறும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்திய அளவு புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் குறைவு. உள்ளே தசை அழுகத் தொடங்கியிருக்கும். அப்படி யாருக்காவது பட்டால் கழுவித் துடைத்துவிட்டு இருக்காமல், உடனே பெரியாஸ்பத்திரி விபத்துப் பிரிவுக்குக் கொண்டுபோய் "டீசல் உள்ளே போய்விட்டது" என்று சொல்லுங்கள். விரலை இழக்காமல் இருப்பது அந்தச் சில மணித்தியாலங்களில்தான் இருக்கிறது. பைப்பில் கசிவு தேடுவதானால் ஒரு மட்டைத் துண்டைப் பிடித்துத் தேடுங்கள், கையால் தடவ வேண்டாம். இன்ஜெக்டர் வயருக்கும் கவனம் வேண்டும். திறக்கும் கணத்தில் அதில் 60 வோல்ட்டுக்கும் மேல் பாயும்.

காலையில் நெடுநேரம் செல்ஃப் அடித்தால்தான் ஸ்டார்ட் ஆகிறது

இந்த அறிகுறிக்கு முதலில் குளோ பிளக்கை (குளிரில் ஸ்டார்ட் ஆகச் சிலிண்டரைச் சூடாக்குவது) மாற்றிவிடுகிறார்கள். நுவரெலியாவில் அது நியாயம். கொழும்பின் விடியற்காலைச் சூட்டில் நல்ல கொம்ப்ரஷன் (பிஸ்டன் காற்றை அமுக்கும் பலம்) உள்ள இஞ்சின் குளோ பிளக் பலவீனமாக இருந்தாலும் பெரும்பாலும் பற்றிக்கொள்ளும். இங்கே நான் முதலில் தொடுவது டீசல் ஃபில்டருக்கு மேலிருக்கும் கைப்பம்பை.

காலையில், சாவி போட முன்னர், அதை அமுக்கிப் பாருங்கள். இரண்டு மூன்று அமுக்கில் கல்லுப் போல இறுகினால் லைனில் டீசல் நிற்கிறது. பத்துப் பன்னிரண்டு தரம் பொசுக்குப் பொசுக்கென்று உள்ளே போய், பிறகு இறுகி, அதன்பின் இஞ்சின் ஒரே செல்ஃபில் பிடித்தால் இராத்திரியில் டீசல் தாங்கிக்குத் திரும்பி இறங்கியிருக்கிறது. எங்கோ காற்று இழுக்கிறது. இன்ஜெக்டருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் ஊடே தெரியும் பிளாஸ்டிக் குழாய் ஒரு முழத் துண்டு போட்டுப் பார்த்தால் குமிழி ஓடுவது கண்ணுக்கே தெரியும்.

இதை நான் படித்தது ஒருவருடைய பணத்தில். பல வருடங்களுக்கு முன், தம்புள்ளையிலிருந்து மெனிங் சந்தைக்கு மரக்கறி ஏற்றும் ஒருவரின் ஹைலக்ஸ் இதே முறைப்பாட்டோடு வந்தது. வேறோர் இடத்தில் இன்ஜெக்டர் என்று சொல்லியிருந்தார்கள். நானும் கேட்டுத் தலையாட்டினேன். அவர் மனைவியின் தாலிக்கொடியை அடகு வைத்துக் காசு கொண்டுவந்தார். நாலையும் மாற்றினேன். மூன்றாம் நாள் காலை அவரிடமிருந்து கோல்: "அண்ணே, அதே மாதிரித்தான் நிக்குது." கைப்பம்பின் பிளாஸ்டிக் உடலில் ஒரு மயிரிழை வெடிப்பு. கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்தபோதுதான் தெரிந்தது. அவருடைய காசைத் திருப்பிக் கொடுத்து முடிக்க எனக்கு நாலு மாதம் பிடித்தது. அன்றிலிருந்து அளக்காமல் நான் ஒரு இன்ஜெக்டரையும் கழற்றியதில்லை.

கைப்பம்ப் இறுக்கமாகவே இருக்கிறது, இருந்தும் பிடிக்கவில்லை என்றால் இசியு எனும் இஞ்சின் கம்பியூட்டரை வாசிக்கும் ஸ்கேனரைப் போட்டு செல்ஃப் அடிக்கும்போது ரெயில் அமுக்கத்தைப் பாருங்கள். 200, 250 பார் அளவுக்கு ஏறாவிட்டால் இசியு இன்ஜெக்டரைச் சரியாகத் திறக்காது. பற்றரி இறங்கி இஞ்சின் மெதுவாகச் சுற்றினாலும் அமுக்கம் ஏறாது. ஆகவே பற்றரியை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

காலையில் நல்லாப் பிடிக்கிறது, சூடானதும் பிடிக்கவில்லை

பேலியகொடையில் மீன் இறக்க நிறுத்தி, பத்து நிமிஷத்தில் மறுபடி சாவி போட்டால் சுற்றிக்கொண்டே இருக்கும். அரை மணித்தியாலம் ஆற விட்டால் ஒன்றும் நடக்காதது போல் பிடிக்கும். இந்தக் கதையைக் கேட்டால் என் சந்தேகம் நேரே இன்ஜெக்டரின் ரிட்டர்னுக்கு, அதாவது மிஞ்சும் டீசல் தாங்கிக்குத் திரும்பும் வழிக்குப் போகும். சூடான டீசல் தண்ணீர் போல நீர்த்துவிடும். இன்ஜெக்டருக்குள் ஊசிக்கும் அதன் உறைக்கும் இடையே உள்ள இடைவெளி இரண்டு மூன்று மைக்ரோன்தான். தேய்ந்து அது கொஞ்சம் அகன்றால், நீர்த்த டீசல் முழுவதும் அந்த வழியாகத் தாங்கிக்கே திரும்பிவிடும். பம்ப் அமுக்க அமுக்க ரெயிலில் அமுக்கம் நிற்காது.

இதை அளக்கும் முறை மிக மலிவானது. சேலைன் குழாய் போன்ற ஊடே தெரியும் குழாய் நாலு, ஒரே அளவான சின்னத் தண்ணீர்ப் போத்தல் நாலு. ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் வாயிலும் ஒரு குழாய், மறுமுனை ஒரு போத்தலுக்குள். கழற்றிய ரிட்டர்ன் லைனின் வாயை அடைத்துவிடுங்கள். இஞ்சினை நன்றாகச் சூடாக்கி, ஐட்லிங்கில் இரண்டு நிமிஷம் ஓட விட்டு நிறுத்துங்கள். போத்தல்களை ஒரு பலகையில் வரிசையாக வைத்து மட்டத்தைப் பாருங்கள்.

போன மாதம் ஒரு டி-மேக்ஸில் இப்படி வைத்தபோது, மூன்று போத்தல்களில் அடி நனைய ஒரு விரல் அளவு டீசல். இரண்டாம் சிலிண்டரின் போத்தல் லேபலைத் தாண்டி நின்றது. குழாயில் மற்ற மூன்றிலும் சொட்டுச் சொட்டாக விழ, அதில் மட்டும் நூல் போல அறாமல் ஓடியது. சாரதித் தம்பி அதைக் கண்ணால் பார்த்ததும் வேறு விளக்கம் கேட்கவில்லை. ஒன்று மற்றவற்றைவிட இரண்டு மடங்குக்கு மேல் திருப்பினால் அது பிழை. நாலும் ஒரே அளவில் கொஞ்சமாகத் திருப்பி, அப்போதும் அமுக்கம் ஏறவில்லை என்றால் பம்ப், பம்பில் டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் எஸ்சிவி வால்வு, ரெயிலின் முனையிலிருந்து அமுக்கம் மிஞ்சினால் திறக்கும் லிமிட்டர் வால்வு ஆகியவற்றைத் தேடுங்கள். லிமிட்டரின் ரிட்டர்ன் குழாயைக் கழற்றிப் போத்தலுக்குள் விட்டால் போதும். ஓடும்போது அதில் ஒரு சொட்டும் வரக் கூடாது.

சில இஞ்சின்களில் இந்த ரிட்டர்ன் பைப் ரொக்கர் கவருக்குள்ளே இருக்கும். அங்கே கவரைத் திறக்காமல் ஒவ்வொன்றாக அளக்க முடியாது. மொத்த ரிட்டர்னை அளந்து, மற்ற சோதனைகளோடு சேர்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

ஐட்லிங்கில் ஆட்டம், மிஸ்

ஸ்டியரிங் நடுங்கும், கண்ணாடி கிலுகிலுக்கும், கொஞ்சம் மிதித்தால் சரியாகிவிடும். இந்த இடத்தில் நல்ல ஸ்கேனர் சும்மா பழுதுக் கோட் வாசிப்பதைவிடப் பெரிய வேலை செய்யும். டொயோட்டாவில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் "இன்ஜெக்ஷன் ஃபீட்பேக்" என்று ஒரு எண் வரும். நாலு சிலிண்டரும் ஒரே வேகத்தில் சுழல இசியு எதற்கு எவ்வளவு டீசலைக் கூட்டுகிறது, குறைக்கிறது என்ற கணக்கு அது. இஞ்சின் சூடாக, ஏசி நிறுத்தி, ஐட்லிங்கில் பாருங்கள். கூட்டல் 3, கழித்தல் 3 கன மில்லிமீற்றருக்குள் இருந்தால் எனக்குக் கவலையில்லை. கூட்டலில் ஏறி நிற்பது அந்தச் சிலிண்டர் சோம்பல் என்பதைக் காட்டும். கழித்தலில் இறங்கி நிற்பது அந்த இன்ஜெக்டர் தேவைக்கு மேல் ஊற்றுகிறது என்பதைக் காட்டும்.

சோம்பல் என்று தெரிந்தவுடன் இன்ஜெக்டர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கொம்ப்ரஷன் குறைந்த சிலிண்டருக்கும் அதே கூட்டல் எண்தான் வரும். வயர் பிழைத்தாலும் சிலிண்டர் படுத்துவிடும். கொழும்பில் எலி கடித்த வயர்கள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். புறக்கோட்டைக் களஞ்சியங்களுக்குப் பக்கத்தில் இரவில் நிறுத்தும் வாகனங்களில் இது சாதாரணம்.

ஆகவே முதலில் இன்ஜெக்டரின் வயர் பிளக்கைக் கழற்றி உள்ளே இருக்கும் முள்களைப் பாருங்கள்: பச்சை பிடித்த முள், அகன்றுபோன முள், எண்ணெய் ஊறியது. பிறகு மல்ட்டிமீற்றரால் இன்ஜெக்டரின் ஓம்ஸ். சொலனாய்டு வகையில் ஒரு ஓமுக்கு அண்மையாக அல்லது அதற்குக் கீழேதான் இருக்கும். அவ்வளவு சிறிய எண்ணில் மீற்றர் வயரின் ஓம்ஸே பாதியாக வந்துவிடும். இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு வரும் எண்ணைக் கழித்துக்கொள்ளுங்கள். நாலையும் ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் தள்ளி நின்றால் அதுதான். பி0201 தொடங்கி பி0204 வரை வரும் கோட்கள் முறையே ஒன்று முதல் நாலாம் இன்ஜெக்டரின் மின்சுற்றைச் சொல்பவை. அவற்றைக் கண்டு உடனே இன்ஜெக்டர் வாங்காமல் வயரை இசியு வரை தொடர்ந்து பாருங்கள்.

வயரும் சரி, ஓம்ஸும் சரி என்றால் எனக்கு மிகவும் நம்பிக்கையான சோதனை இடம் மாற்றுவதுதான். மூன்றாம் சிலிண்டர் சோம்பல் என்றால், அதன் இன்ஜெக்டரை ஒன்றுக்கும் ஒன்றினுடையதை மூன்றுக்கும் புதுச் செப்பு வோஷரோடு மாற்றிப் போட்டு, இசியுவில் அந்த இரண்டு இன்ஜெக்டர்களின் தலையிலிருக்கும் கோட்களையும் இடம் மாற்றி எழுதுங்கள். சோம்பல் ஒன்றாம் சிலிண்டருக்குப் போய்விட்டால் குற்றவாளி இன்ஜெக்டர். மூன்றிலேயே நின்றால் கொம்ப்ரஷனைப் பாருங்கள். ஒரு மத்தியானத்தின் கூலி போகும், ஆனால் தேவையில்லாத மூன்று இன்ஜெக்டரின் விலை மிஞ்சும்.

சுத்தியலால் அடிப்பது போல டக் டக் சத்தம்

இதைத் தள்ளிப்போடாதீர்கள். நொசில் முனை மூடாமல் ஒழுகினால் பிஸ்டன் தலையில் ஒரே இடத்தில் நெருப்பு விழும். பிஸ்டன் உருகி ஓட்டையாகும், அல்லது வெடிக்கும். இஞ்சினை நிறுத்தி ஒரு இன்ஜெக்டரின் வயர் பிளக்கைக் கழற்றி, ஸ்டார்ட் பண்ணிக் கேளுங்கள். ஸ்கேனரில் சிலிண்டரைத் துண்டிக்கும் வசதி இருந்தால் அது இன்னும் நல்லது. எந்தச் சிலிண்டரை நிறுத்தினால் டக் சத்தம் நிற்கிறதோ அதன் இன்ஜெக்டரைக் கழற்றி பெஞ்ச் சோதனைக்கு (கழற்றிய இன்ஜெக்டரை மெஷினில் போட்டு அளப்பது) அனுப்புங்கள். எதை நிறுத்தினாலும் சத்தம் மாறாவிட்டால் அது கீழே பெயரிங் சத்தமாக இருக்கலாம். அப்போது வாகனத்தை ஓட்டி வராமல் கட்டி இழுத்து வருவதே நல்லது.

புகை

வருடாவருடம் புகைப் பரிசோதனையில் தோற்றுவிட்டு, வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க முடியாமல் வருகிறவர்கள் பலர். டீசல் வாகனத்தில் அங்கே அக்சிலரேட்டரை முழுதாக மிதித்துக் கரும்புகையைத்தான் அளக்கிறார்கள். கரும்புகை என்றால் டீசல் கூட, அல்லது காற்றுக் குறைவு. பத்தில் பாதிக்கு மேல் காற்றுப் பக்கம்தான் என்பது என் அனுபவம்: தூசி அடைத்த எயார் ஃபில்டர், இன்டர்கூலர் ஹோஸின் அடியில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல், திறந்தபடி இறுகிய ஈஜிஆர் (எரிந்த வாயுவை மறுபடி உள்ளே விடும் வால்வு). ஹோஸைக் கழற்றி வளைத்துப் பாருங்கள். இவை எல்லாம் சுத்தம், ஃபீட்பேக் எண் ஒன்று கழித்தலில் ஓடுகிறது என்றால் அப்போது இன்ஜெக்டர்.

கண்ணை எரிக்கும், டீசல் வாடையுள்ள வெண்புகை, அதுவும் சூடான பிறகும் நிற்காதது, எரியாத டீசல். ஒழுகும் நொசில் அல்லது கொம்ப்ரஷன் இழந்த சிலிண்டர். கண்ணை எரிக்காத, இனிப்பு வாடை வீசும் வெண்புகை ரேடியேட்டர் தண்ணீர். அங்கே ஹெட் கேஸ்கெட்டைத் தேடுங்கள். நீலப்புகை ஒயில்.

கடுகண்ணாவை ஏற்றத்தில் இழுவை போய்விடுகிறது

எஞ்சின் லைட் எரிந்து, மணிக்கு 60 கிலோமீற்றருக்கு மேல் போக மறுத்து, சாவியை அணைத்துத் திரும்பப் போட்டால் சரியாகிவிடும். வழமையான கோட் பி0087, ரெயில் அமுக்கம் போதாது என்பது. டீசல் ஃபில்டரை மாற்றுங்கள், தாங்கிக்குள் இருக்கும் வடிகட்டியைப் பாருங்கள், பிறகு சுமையோடு ஓட்டிக்கொண்டே ஸ்கேனரில் இசியு கேட்ட அமுக்கத்தையும் கிடைத்த அமுக்கத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் (ஓட்டுகிறவர் பார்க்கக் கூடாது, இன்னொருவர் வேண்டும்). கிடைப்பது பின்தங்கினால் மேலே சொன்ன போத்தல் சோதனைக்குத் திரும்புங்கள்.

ஒயில் மட்டம் ஏறுகிறது, அல்லது ஒயில் தார் போலாகிறது

மற்ற அறிகுறிகளில் காசுதான் போகும். இதில் இஞ்சினே போகும். டிப்ஸ்டிக்கில் மட்டம் மாதத்துக்கு மாதம் ஏறினால் டீசல் ஒயிலில் கலக்கிறது. டிப்ஸ்டிக் சொட்டை ஒரு வெள்ளைக் காகிதத்தில் விட்டு ஒரு மணித்தியாலம் வையுங்கள். நடுவில் கறுப்பும் சுற்றி அகலமாக ஒரு வெளிறிய எண்ணெய் வளையமும் பரவி, முகர்ந்தால் டீசல் வாடை வந்தால் சந்தேகம் வலுக்கும். அந்த ஒயிலில் இஞ்சினை ஓட்டாதீர்கள். மட்டம் மிக ஏறினால் இஞ்சின் தன் ஒயிலையே குடித்து, சாவியை எடுத்தாலும் நிற்காமல் அலறும்.

1கேடி இஞ்சினில் இதைவிடக் கள்ளமான ஒன்று உண்டு. இன்ஜெக்டருக்கு அடியிலிருக்கும் செப்பு வோஷர் பிடிப்பு இழந்தால் எரிந்த வாயு மேலே ஏறி ஒயிலில் கரியைக் கலக்கும். கரி கட்டியாகி இஞ்சின் அடியிலிருக்கும் ஒயில் தட்டில் படியும், ஒயில் பம்ப் உறிஞ்சும் வடிகட்டியை அடைக்கும். இஞ்சின் ஒயில் இல்லாமல் இறுகும் வரை வாகனம் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும். ஓடும்போது ஒயில் மூடியைத் திறந்து பாருங்கள். ரயில் புறப்படுவது போல "சிக், சிக்" என்று தாளத்தோடு புகை தள்ளினால், அல்லது இன்ஜெக்டரைக் கழற்றும்போது அடிப்பாகம் தார் அப்பினாற்போல் இருந்தால், வோஷரை மட்டும் மாற்றிவிட்டு மூடாதீர்கள். தட்டைக் கழற்றி வடிகட்டியைச் சுத்தம் செய்யுங்கள். பழைய ஹைலக்ஸ் வாங்கப் போகிறவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பதும் இந்த ஒன்றைத்தான்: விலை பேச முன்னர் ஒயில் மூடியைத் திறந்து பாருங்கள்.

இன்ஜெக்டர்தான் என்று உறுதியான பிறகு

எதனால் பழுதானது என்று கேளுங்கள். ஃபில்டரின் அடிக் குழாயைத் திறந்து ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்து, அசையாமல் கொஞ்ச நேரம் வையுங்கள். அடியில் தண்ணீர் தனியாகத் தெரியும். 2022இல் வரிசையில் நின்று வாங்கிக் கலன்களிலும் பரல்களிலும் சேர்த்து வைத்த டீசல் பல இன்ஜெக்டர்களை முடித்ததை என் பெஞ்சிலேயே பார்த்தேன். துரு, தண்ணீர், சிலவற்றில் மண்ணெண்ணெய். மண்ணெண்ணெய்க்கு வழுக்குத் தன்மை குறைவு, பம்பையும் சேர்த்து அரித்துவிடும். 2016 மே வெள்ளத்தில் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் தண்ணீரில் நின்ற வாகனங்களின் தாங்கிகளில் துரு பல வருடம் கழித்தும் வந்துகொண்டே இருந்தது. தாங்கியைக் கழுவாமல் புது இன்ஜெக்டர் போடுவது காசைத் தண்ணீரில் போடுவதுதான்.

பஞ்சிகாவத்தையில் வாங்குவதானால் பெஞ்ச் சோதனைச் சீட்டோடு வாங்குங்கள். பெட்டியும் ஸ்டிக்கரும் எவருக்கும் அச்சடிக்கலாம். பூட்டும்போது பழைய செப்பு வோஷர் குழிக்குள் ஒட்டியிருக்கிறதா என்று கைவிளக்கு அடித்துப் பாருங்கள். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு வோஷர் போய் மறுவாரமே வாயு கசிந்த வாகனங்கள் என்னிடம் வந்திருக்கின்றன. குழியின் கரியைச் சுரண்டி, புது வோஷர் போட்டு, போல்ட்டை டோர்க் ரென்ச்சால் அந்த இஞ்சினின் அளவுக்கே இறுக்குங்கள். 1கேடியில் இன்ஜெக்டர் தலையிலிருக்கும் 30 எழுத்துக் கோடை இசியுவில் எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் புது இன்ஜெக்டரே மிஸ் அடிக்கும், டக் சத்தம் போடும். மற்ற இஞ்சின்களிலும் கோட் இருந்தால் அதேதான்.

டீசல் ஃபில்டரையும் ஒயிலையும் மாற்றி, 500 கிலோமீற்றர் ஓடிய பிறகு வாகனத்தை மறுபடி கொண்டுவரச் சொல்லுவேன். நாலு ஃபீட்பேக் எண்களையும் திரும்ப எடுத்து, பில்லின் பின்பக்கம் திகதியோடு எழுதிக் கொடுப்பேன். அந்த பில்லை டாஷ்போர்ட்டுக்குள் வைத்திருங்கள். அடுத்த தரம் யாராவது நாலும் போச்சு என்று சொன்னால், அந்த எண்களுக்குப் பக்கத்தில் அன்றைய எண்களையும் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.